சிக்கு கீழே, கோளாறு மேலே: ஒரு வீட்டுத் தையல் மெஷினின் கதை

சித்தியின் தையல் மெஷினுக்கு வந்த கோளாறு பற்றியது இது. மோட்டாரில் ஓடுகிற, முன்பக்கமாகப் பாபின் கேஸ் (அடி நூல் சுற்றிய சின்ன உருளையான பாபினை வைக்கும் கூடு) மாட்டுகிற, நேர்த்தையலும் ஜிக்ஜாக்கும் போடுகிற சாதாரண வீட்டு மெஷின். புகார் ஒன்றுதான். தைக்க ஆரம்பித்து இரண்டு மூன்று அங்குலம் போவதற்குள் அடியில் கடகடவென்று சத்தம், துணி நகராமல் நிற்கும், தூக்கிப் பார்த்தால் கீழே ஒரு கொத்து நூல். வெட்டி எடுத்துவிட்டுத் திரும்பத் தைத்தால் திரும்பவும் அதே கொத்து.

நான் பார்ப்பதற்கு முன்பே மெஷினில் நிறைய நடந்திருந்தது, இதைச் சொல்லாமல் விட்டால் பின்னால் வருவது புரியாது. பாபின்கள் எல்லாம் புதிதாக மாற்றியாயிற்று. ஊசி மாற்றியாயிற்று. பாபின் கேஸின் பக்கவாட்டில் இருக்கும் குட்டி ஸ்குரூவைத் திருகி இறுக்கி, போதவில்லை என்று இன்னும் இறுக்கி வைத்திருந்தார். நடுவில் ஒரு மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு "டைமிங் போச்சு, பிரிச்சுத்தான் பாக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், ஊசியும் அடியில் நூலைப் பிடிக்கும் கொக்கியும் சந்திக்கும் நேரம் தப்பிவிட்டது என்று அர்த்தம். சித்தியின் முடிவோ வேறு. "பாபின்லதான்டா ஏதோ இருக்கு. கீழதானே சிக்குது?"

கீழே சிக்குகிறது என்பது கண்ணுக்குத் தெரிகிற உண்மை. அதனால்தான் இந்தக் கோளாறில் எல்லோரும் முதலில் பாபினைப் பிடிக்கிறார்கள். துணியின் மேல்பக்கம் வேறு தையல் ஒழுங்காகவே தெரியும், அது இன்னும் குழப்பும். மேலே நன்றாக இருக்கிறது, கீழே நாசமாக இருக்கிறது, அப்படியானால் கீழ் நூலில்தானே தப்பு என்று யாருக்கும் தோன்றும்.

அதனால் எதையும் பிரிக்கும் முன் இரண்டு நிற நூல் போட்டேன். மேலே சிவப்பு, பாபினில் வெள்ளை, இரண்டும் ஒரே வகை, ஒரே கனம். ஒரு துண்டுத் துணியில் சிக்கும்வரை ஓட்டி, கொத்தை வெட்டியெடுத்து வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தோம். கொத்து முழுக்கச் சிவப்பு. வெள்ளை நூல் அதன் நடுவே ஒரே கோடாக, எங்கும் சுருளாமல், நேராகப் போயிருந்தது. சித்தி அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது மேல் நூல்டா!" மேல் நூல்தான். ஸ்பூலில் இருந்து இறங்கின நூல் அத்தனையும் திரும்ப மேலே ஏறாமல் அடியிலேயே தங்கியிருக்கிறது.

ஏன் தங்குகிறது என்பதற்கு ஒரு தையல் எப்படி விழுகிறது என்று பார்க்க வேண்டும். ஊசி துணியைக் குத்தி அடிமட்டம்வரை போய், இரண்டு மில்லிமீட்டர் சொச்சம் மேலே ஏறும்போது, ஊசியின் முதுகுப் பக்கத்தில் நூல் கொஞ்சம் உப்பி ஒரு சின்ன வளையம் ஆகிறது. அந்த நேரத்துக்குச் சரியாக, அடியில் நூலைப் பிடிக்கும் கொக்கியான ஷட்டிலின் கூர்முனை வந்து அந்த வளையத்தைக் கொத்திக்கொண்டு, பாபின் கேஸ் முழுவதையும் சுற்றிக் கொண்டுபோகிறது. பாபின் கேஸைச் சுற்றி வர வேண்டுமென்றால் எவ்வளவு நூல் வேண்டும் பாருங்கள், பல சென்டிமீட்டர். ஆனால் துணியில் விழும் தையலோ 2.5 மில்லிமீட்டர். அதாவது கீழே இறங்கிய நூலில் கிட்டத்தட்ட எல்லாமே ஒவ்வொரு தையலிலும் திரும்ப மேலே வந்தாக வேண்டும். ஒரே இடத்து நூல் ஊசிக் காதுக்குள் பலமுறை மேலும் கீழுமாகப் போய்வந்த பிறகுதான் துணியில் போய் நிற்கிறது, பழைய நூல் போட்டால் அடிக்கடி அறுவதற்கும் அதுவே ஒரு காரணம்.

திரும்ப மேலே இழுப்பது ஊசிக்கு மேலே ஏறி இறங்கும் அந்த லீவர். அது ஏறும்போது நூலை இரண்டு பக்கத்திலிருந்தும் இழுக்க முடியும். ஒரு பக்கம் கீழே ஷட்டிலைச் சுற்றிய வளையம், இன்னொரு பக்கம், மேல் நூலை நடுவில் விட்டுப் பிடிக்கும் டென்ஷன் தகடுகளைத் தாண்டி ஸ்பூல். எந்தப் பக்கம் சுலபமாக வருகிறதோ அங்கிருந்துதான் வரும். டென்ஷன் தகடுகள் நூலை இறுக்கிப் பிடித்திருந்தால் ஸ்பூல் பக்கம் கொடுக்காது, கீழே இருக்கும் வளையம் மேலே வந்து தையல் இறுகும். தகடுகள் பிடிக்கவில்லையா, லீவர் நோகாமல் ஸ்பூலிலிருந்து புது நூலை உருவிக்கொள்ளும், கீழே இருக்கும் வளையம் கீழேயே கிடக்கும். அடுத்த தையலுக்கு இன்னொரு வளையம். பத்துப் பன்னிரண்டு வளையம் சேர்ந்தால் கொத்து. லீவரின் துளையிலிருந்து நூல் நழுவி வெளியே வந்துவிட்டாலும் இதே கதைதான், அப்போது கொத்து இன்னும் சீக்கிரம், முதல் சில குத்திலேயே வந்துவிடும். அதை முதலில் பார்த்தேன், லீவரில் நூல் சரியாகவே இருந்தது.

ஆகவே கேள்வி டென்ஷன் தகடுகளுக்குப் போனது. அதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். நூலை எல்லா இடத்திலும் கோத்து, ஊசியில் மட்டும் கோக்காமல் விட்டு, துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டைத் தூக்கி வைத்து இழுத்துப் பார்க்க வேண்டும், வழுக்கிக்கொண்டு வரும். ஃபுட்டை இறக்கிவிட்டு இழுத்தால் பிடித்துக்கொள்ள வேண்டும், கையில் நன்றாகவே வித்தியாசம் தெரியும். ஃபுட் லீவரைத் தூக்கினால் தகடுகள் விலகும், இறக்கினால் சேரும், இரண்டுக்கும் உள்ளே தொடர்பு இருக்கிறது. இந்த மெஷினில் தூக்கினாலும் இறக்கினாலும் ஒன்றுபோலத்தான் நூல் வந்தது. தகடுகளின் பிடியைக் கூட்டிக் குறைக்கும் டயலை 4லிருந்து 7க்குத் திருப்பினேன், அப்போதும் ஒரு மாற்றமும் இல்லை.

"சித்தி, நீங்க எப்பவும் கோக்கிற மாதிரியே ஒரு தடவை கோத்துக் காட்டுங்க" என்றேன். ஸ்பூலை மாட்டினார், உடனே ஃபுட்டை இறக்கினார், அதற்குப் பிறகுதான் நூலை எடுத்தார். ஏன் இறக்குகிறீர்கள் என்று கேட்டால் புத்தகத்தில் படம் அப்படித்தான் இருக்கிறது என்றார். படம் இருக்கத்தான் செய்கிறது. இந்த மெஷினில் ஊசியில் நூலைத் தானாகக் கோக்கும் குட்டிக் கருவி ஒன்று உண்டு, அதைப் பயன்படுத்தும்போது ஃபுட் இறங்கியிருக்க வேண்டும் என்பது அந்தப் படம். அது கடைசிப் படி. சித்தி அதை முதல் படியாக்கிவிட்டார். ஃபுட் இறங்கியிருக்கும்போது தகடுகள் சேர்ந்து இறுகியிருக்கும், நூல் அவற்றின் நடுவில் நுழையாமல் விளிம்பின் மேலேயே உட்கார்ந்துகொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் வழியெல்லாம் சரியாகக் கோத்த மாதிரியேதான் தெரியும், தகடுகள் உடம்புக்குள்ளே மறைந்திருக்கும் மெஷின்களில் பார்க்கவும் வழியில்லை. தகடுகள் முன்னால் வெளியே தெரிகிற பழைய கறுப்பு மெஷின்களில் இந்தத் தப்பு கண்ணில் பட்டுவிடும், இந்தப் புது வடிவங்களில் அழகுக்காக மூடிவைத்து நமக்கு வேலை வைத்திருக்கிறார்கள்.

மறுபடி கோக்கும் முன் உள்ளே சிக்கியிருந்ததைச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. துணியைப் பிடித்து இழுக்கவே கூடாது, இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். இழுத்தால் ஊசி வளையும், வளைந்த ஊசி அடுத்த சுற்றில் ஷட்டிலில் போய் அடிக்கும், அப்புறம் அது தனிக் கோளாறு. ஃபுட்டைத் தூக்கி, மேல் நூலை ஊசிக்குப் பக்கத்தில் வெட்டி, கைச்சக்கரத்தை மெதுவாக அசைத்து ஊசியை மேலே கொண்டுவந்து, துணிக்கும் தட்டுக்கும் நடுவே கூரான சின்னக் கத்தரியை நுழைத்துக் கொத்தை அறுத்தோம். பிறகு பாபின் கேஸை எடுத்துவிட்டு, ஷட்டிலைப் பிடித்திருக்கும் இரண்டு கொக்கிகளையும் வெளிப்பக்கம் தள்ளி, வளையத்தைக் கழற்றி, நடுவில் இருக்கும் முள்ளைப் பிடித்து ஷட்டிலை வெளியே எடுத்தேன். அதன் பின்னால் பழைய நூல் துண்டுகள் பல நிறத்தில் சுற்றிக் கிடந்தன. துணியை நகர்த்தும் பல் அசைகிற பள்ளத்தில் பஞ்சு அழுந்தி, விரலால் எடுத்தால் ஒரு தகடுபோல் உரிந்து வந்தது. வாயால் ஊதினால் ஈரம்தான் உள்ளே போகும், தூசி இன்னும் உள்ளே தள்ளப்படும், பிரஷ்ஷும் சாமணமும் போதும். துடைத்த பிறகு ஷட்டில் ஓடும் தடத்தில் ஒரே ஒரு சொட்டு மெஷின் எண்ணெய். அடியில் ஷட்டிலுக்குப் பதில் பிளாஸ்டிக் கூடு இருக்கும் மெஷின்களில், மேலிருந்தே பாபினைப் போடுகிற வகை அது, புத்தகம் சொன்னால் தவிர எண்ணெய் விடக் கூடாது.

ஃபுட்டைத் தூக்கி வைத்து, ஸ்பூல் பக்கம் ஒரு கையால் நூலை லேசாகப் பிடித்து, இன்னொரு கையால் தகடுகளுக்குள் இழுத்துவிட்டுக் கோத்தோம். தைத்தோம். கொத்து வரவில்லை, ஆனால் தையலின் அடிப்பக்கம் இன்னும் தளர்வாக, சிவப்புச் சுருள்கள் தெரிந்தன. டயலை 7க்கு வைத்தால் ஓரளவு சரியாகிறது. சாதாரணப் பருத்தித் துணிக்கு, சாதாரண நூலுக்கு, 4 பக்கத்திலேயே நல்ல தையல் விழ வேண்டும், 7 கேட்கிறது என்றால் தகடுகள் முழுவதுமாகச் சேரவில்லை என்று அர்த்தம். நடுவில் ஏதோ இருக்கிறது.

ஃபுட்டைத் தூக்கி, டயலை 0க்கு வைத்து, மெல்லிய பருத்தித் துணியை மடித்து அதன் விளிம்பைத் தகடுகளுக்கு இடையே விட்டு முன்னும் பின்னும் இழுத்தேன். முதலில் சாம்பல் நிற அழுக்கு. திரும்ப இழுத்தபோது அறுந்துபோன பழைய நூல் ஒன்று, ஒரு அங்குலம்கூட இருக்காது, பஞ்சோடு சேர்ந்து தட்டையாக அமுங்கி வெளியே வந்தது. பச்சை நூல். பச்சையில் கடைசியாக எப்போது தைத்தோம் என்று சித்திக்கே நினைவில்லை. இது எப்படி உள்ளே போகிறது என்றால், நூல் மாற்றும்போது பலரும் ஸ்பூலைத் தூக்கி நூலைப் பின்பக்கமாக உருவுகிறார்கள், பஞ்சும் துணுக்கும் நூலோடு பின்னோக்கி வந்து தகடுகளில் மாட்டுகின்றன. ஸ்பூல் பக்கம் வெட்டிவிட்டு ஊசிப் பக்கமாக இழுத்து எடுத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இராது. பச்சைத் துண்டு போனதும் சோதனை மாறிவிட்டது. ஃபுட்டை இறக்கினால் நூல் பிடித்து நிற்கிறது, தூக்கினால் ஓடுகிறது.

இப்போது எதிர்ப்பக்கக் கோளாறு எட்டிப் பார்த்தது. டயல் 4ல் கொத்து இல்லை, ஆனால் அடியில் வெள்ளை நூல் விறைப்பாக ஒரு கோடாகக் கிடக்கிறது, துணி லேசாகச் சுருங்குகிறது. பாபின் கேஸ் ஸ்குரூவை இறுக்கி இறுக்கி வைத்ததன் பலன். மேல் டென்ஷனே இல்லாதபோது கீழே என்ன இறுக்கினாலும் தையல் சரியாகாது, சொல்லப்போனால் மேல் நூலை இன்னும் கீழே இழுத்து நிலைமையை மோசமாக்கும். பாபின் போட்ட கேஸை நூலைப் பிடித்துத் தொங்கவிட்டேன். அசையாமல் தொங்கியது, நூலை வெடுக்கென்று உலுக்கினாலும் இறங்கவில்லை. தொங்கவிட்டால் நிற்க வேண்டும், லேசாக உலுக்கினால் கொஞ்சம் இறங்கி மறுபடி நிற்க வேண்டும், அதுதான் சரியான பிடி. சும்மா தொங்கவிட்டதுமே தரைவரை இறங்கினால் தளர்வு.

ஸ்குரூவைத் தொடும் முன் அது நின்ற திசையைக் கேஸின் மேலே பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்தேன், வழி தவறினால் திரும்பி வர வேண்டுமே. பிறகு கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் துளித்துளியாக, கால் சுற்றுக்கும் குறைவாக, ஒவ்வொரு முறையும் தொங்கவிட்டுப் பார்த்து. ஒரு வெள்ளைத் துணி விரித்து அதன் மேல் வைத்துச் செய்வது நல்லது, ஸ்குரூ அவ்வளவு சின்னது, கழன்று விழுந்தால் தரையில் தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

பாபினைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், சித்தியின் சந்தேகம் முழுக்கத் தப்பில்லை. புதிதாக வாங்கியவற்றில் சில, உயரம் குறைவானவை. இந்த மெஷின் எடுத்துக்கொள்வது சுமார் 11.5 மில்லிமீட்டர் உயரம் உள்ள வகை. குட்டையானது கேஸுக்குள் ஆடும், அந்த ஆட்டத்தில் நூல் ஒரு நேரம் இழுக்கும் ஒரு நேரம் விடும். அவற்றைத் தனியே எடுத்து வைத்தோம். சில பாபின்களில் நூல் மெத்தென்று அமுங்கியது, சுற்றும்போது மேலே இருக்கும் சின்ன டென்ஷன் குமிழில் நூலை மாட்டாமல் சுற்றியிருக்கிறார்கள், அப்படிச் சுற்றிய நூல் அடுக்குக்குள் அடுக்கு புதைந்து திடீரென்று இறுகும். கேஸில் போடும் திசையும் ஒன்று உண்டு. முன்பக்கம் மாட்டும் இந்த வகையில், கேஸில் போட்டு நூலை இழுத்தால் பாபின் கடிகார முள் திசையில் சுழல வேண்டும். மேலிருந்து போடுகிற வகையில் பெரும்பாலும் அதற்கு நேர் எதிர். இதெல்லாம் சேர்ந்து தையலைக் கெடுக்கும், ஆனால் அந்தச் சிவப்புக் கொத்துக்கு இவை காரணமில்லை.

அடுத்து மிஞ்சியது தையல் ஆரம்பத்தில் மட்டும் வரும் சின்ன முடிச்சு. இது மெஷின் கோளாறே இல்லை. முந்தின தையல் முடிந்து நிறுத்தும்போது லீவர் பாதி உயரத்தில் நிற்கிறது, நூலைக் குட்டையாக வெட்டுகிறோம், அடுத்து மிதிக்கும்போது லீவர் முதலில் மேலே ஏறி ஊசியிலிருந்தே நூலை உருவிவிடுகிறது, இல்லாவிட்டால் நுனி துணிக்கு அடியில் இழுபட்டுச் சுருள்கிறது. கைச்சக்கரத்தை நம் பக்கமாகத் திருப்பி லீவரை உச்சிக்குக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும், இரண்டு நூலையும் 10 சென்டிமீட்டராவது விட்டு ஃபுட்டுக்கு அடியில் பின்பக்கமாகப் போட்டு, முதல் சில குத்து விழும்வரை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். கைச்சக்கரத்தை எதிர்ப்பக்கம் சுற்றும் பழக்கமும் சித்திக்கு இருந்தது. மோட்டார் எப்போதும் ஒரே பக்கம்தான் ஓட்டும், கையால் பின்னோக்கிச் சுற்றினால் ஷட்டிலில் ஏற்கெனவே மாட்டியிருக்கும் வளையம் முறுக்கிக்கொள்ளும். சிக்கை எடுக்க லேசாக அசைப்பது வேறு, அது விதிவிலக்கு.

இவ்வளவுக்குப் பிறகும் நீளமாகத் தைத்தால் எப்போதாவது ஒரு இடத்தில் டக்கென்று ஒரு இழுப்பு, அந்த இடத்தில் அடியில் ஒரே ஒரு நீண்ட சுருள். எப்போதாவது வருவதுதான் பிடிக்கக் கஷ்டம். ஷட்டிலைத் திரும்பக் கழற்றி, ஒரு இழை பஞ்சை அதன் வழவழப்பான பக்கம் முழுவதும் தடவிக்கொண்டே போனேன். கூர்முனைக்குக் கொஞ்சம் பின்னால் ஒரு இடத்தில் பஞ்சு மாட்டி நின்றது. நகத்தால் தடவினால் சொரசொரப்பு, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மயிரிழை போல ஒரு கீறல், அதன் ஓரத்தில் கொஞ்சம் இரும்பு எழும்பியிருக்கிறது. என்றைக்கோ வளைந்த ஊசி ஒன்று அங்கே அடித்திருக்க வேண்டும். சுற்றிவரும் வளையம் பெரும்பாலும் வழுக்கிப் போய்விடும், சில நேரம் அந்த எழும்பிய இரும்பில் மாட்டி ஒரு கணம் தாமதித்து வரும், அதுதான் அந்த டக். 1000க்கு மேற்பட்ட நம்பர் உப்புத்தாளைச் சின்னதாக மடித்து, எழும்பிய இடத்தை மட்டும், பஞ்சு மாட்டாமல் போகும்வரை தேய்த்தேன். கூர்முனையைத் தொடவே கூடாது, அது மழுங்கினால் நூலைப் பிடிக்காது, ஷட்டிலையே மாற்ற வேண்டியதுதான். ஊசித் தட்டின் துளையையும் அதே பஞ்சால் சோதித்தேன், அங்கே ஒன்றுமில்லை.

இப்போது அந்த டைமிங் விஷயம். ஷட்டில் வரும் நேரமும் ஊசி ஏறும் நேரமும் தப்பிப்போனால் முதலில் தெரிவது விட்டுவிட்டு விழும் தையல், இல்லாவிட்டால் தையலே விழாதது, நூல் அறுவது, சில நேரம் ஊசி எதிலோ உரசும் சத்தம். நூலைப் பிடிக்கவே முடியாத ஷட்டில் நூலைக் கொத்துக் கொத்தாக அடியில் சேர்ப்பது அபூர்வம். சித்தியின் மெஷினில் ஒரு தையல்கூட விடவில்லை, எல்லா வளையத்தையும் பிடித்திருக்கிறது, திரும்பிப் போகத்தான் விடவில்லை. இருந்தாலும் பார்த்துவிடலாம் என்று பாபின் கேஸை எடுத்துவிட்டுக் கைச்சக்கரத்தை மெதுவாகச் சுற்றினோம். ஊசி அடிமட்டம் தொட்டுத் திரும்பி ஏறத் தொடங்கியதும் ஷட்டிலின் கூர்முனை ஊசிக் காதுக்குச் சற்று மேலே, ஊசியின் முதுகில் செதுக்கிய பள்ளத்தை ஒட்டிக்கொண்டு கடந்து போயிற்று. அந்த இடத்தில்தான் கடக்க வேண்டும். டைமிங் ஸ்குரூவில் கை வைக்கவே இல்லை. மெக்கானிக்கைக் குறை சொல்லவும் மாட்டேன், சிக்கின மெஷினை அவசரமாகப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் நூலைத் திரும்பக் கோத்துப் பார்க்காமல் டைமிங்கைத் தொடுவதற்கு நான் ஒப்பமாட்டேன், சரியாக இருப்பதைக் கலைத்துவிட்டால் அதைத் திரும்ப உட்கார வைப்பது வீட்டில் செய்கிற வேலையில்லை.

ஊசியில் கோளாறில்லை, தட்டையான பக்கம் பின்னால் பார்த்திருந்தது, முழுவதுமாக மேலே ஏறி உட்கார்ந்திருந்தது. 90/14 அளவு ஊசி, தைக்கும் துணிக்குப் பொருத்தம்தான். இதே ஊசியோடு மெல்லிய வழுவழு துணியைத் தைத்தபோது ஆரம்பத்தில் துணியே துளைக்குள் இழுபட்டது, அது வேறு சிக்கு. 70/10 ஊசி போட்டு, ஆரம்பத்தில் அடியில் ஒரு மெல்லிய தாளை வைத்துத் தைத்துக் கிழித்தெடுத்தால் சரியாகிவிடுகிறது. ஜிக்ஜாக் போடும் மெஷின்களில் தட்டின் துளை அகலம் என்பதால் இது வரத்தான் செய்யும்.

கடைசியாகச் சோதித்தது ஜீன்ஸ் ஓரம். மடிப்புகள் சேர்ந்து மேடாகும் இடத்தில் ஃபுட் முன்பக்கம் தூக்கிக்கொண்டு சாய்ந்தது, அந்த இடத்தில் மட்டும் அடியில் இரண்டு மூன்று சுருள். மேட்டில் ஏறும் முன் ஃபுட்டுக்குப் பின்னால் அதே கனத்துக்கு மடித்த துணித் துண்டைச் செருகி மட்டமாக்கியதும் சுருள் நின்றது. கனத் துணியை உள்ளே தள்ளிவிட்டு ஃபுட்டை இறக்க மறப்பதும் இங்கேதான் நடக்கும், துணியின் கனத்தில் ஃபுட் இறங்கிய மாதிரியே தெரியும், தகடுகளோ திறந்திருக்கும். அன்றைக்கும் ஒருமுறை அப்படிக் கொத்து வந்தது, சித்தி கொத்தைப் பார்க்காமல் நேராக ஃபுட் லீவரைப் பார்த்தார்.

ஒன்று மட்டும் பாக்கி. பாபின் கேஸின் பட்டை ஸ்பிரிங்கைக் கழற்றித் துடைத்தபோது, அதன் அடியில் நூல் ஓடி ஓடி விழுந்த தடம் ஒரு மெல்லிய கோடாகத் தெரிந்தது. இப்போதைய நூலுக்கு அது பிடிக்கிறது. மெல்லிய நூல் போட்டுத் தொங்கவிட்டால் தடத்துக்குள் புதைந்து நழுவுகிறது, ஸ்குரூவைத் திருகினாலும் பிடி ஒரே சீராக வரவில்லை. "மாத்திரலாமா?" என்றார். ஸ்பிரிங் தனியாகக் கிடைத்தால் அது மட்டும், கிடைக்காவிட்டால் அதே அளவில் முழு கேஸ், பழையதைக் கையில் எடுத்துப்போய்ப் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குங்க சித்தி என்று சொல்லியிருக்கிறேன்.